குடல் அழற்சிக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதற்கு?

சேலத்தில் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்குச் சில மாதங்களாக இரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு. சீதபேதி என்று நினைத்து அமீபாவுக்கான மாத்திரையைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டும் நிற்கவில்லை. கடைசியில் கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலுக்குள் பார்ப்பது) செய்து, அல்சரேடிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடலில் புண்ணோடு நீடிக்கும் அழற்சி, என்று சொல்லி, ஸ்டீராய்டோடு அசத்தயோப்ரினும் தொடங்கியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் அதை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். ஏற்காட்டில் உங்கள் வீட்டிலோ, எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் இந்த நோயே வந்தது என்று நிலவேம்பும் சீந்திலும் மாறி மாறிக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் குறைத்தால் பையன் என்ன ஆவான் என்று கேட்கிறீர்கள். குடலிலிருந்து எடுத்த துண்டின் (பயாப்சி) அறிக்கையில் உள்ள ‘கிரிப்ட் ஆப்சஸ்’ கட்டியா, புற்றா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்பதுபோல இருந்தாலும், தம்பியின் குடலுக்குள் எதிர்ப்புச் சக்தி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் நோயாளிகளுக்கு மருந்து எழுதும் மருத்துவன் இல்லை. குடல் மருத்துவர்கள் கிள்ளி எடுத்து ஃபார்மலினில் போட்டு அனுப்பும் எள்ளளவு துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது சேலத்தில் பல ஆண்டுகளாக என் வேலை. எனவே மாத்திரையின் அளவு, எத்தனை நாள் என்பவற்றை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் பயந்த அந்தச் சொல்லை எழுதுபவர்கள் என் போன்றவர்கள்தான் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன். பெருங்குடலின் உட்சுவரில் லட்சக்கணக்கான நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றின் பெயர்தான் கிரிப்ட். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அந்தக் குழியின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் குவிந்து கிடப்பதைத்தான் கிரிப்ட் ஆப்சஸ் என்று எழுதுகிறோம். நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற சீழ் அது. புற்று அல்ல, அறுவை செய்து எடுக்க வேண்டிய கட்டியும் அல்ல. நோய் இப்போது சூடாக இருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். பெருங்குடலின் பெரும்பகுதியில் இந்த நோய் பல ஆண்டுகள் நீடித்தால் புற்றுநோய் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அதனால்தான் அறிகுறி தொடங்கி ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஆனதும் முறையாகக் கொலோனோஸ்கோப்பி செய்து கண்காணிக்கச் சொல்கிறார்கள். இப்போதைய கவலை அது இல்லை.

எந்த நோயும் இல்லாத ஒருவருடைய குடலிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாலும் அதில் எதிர்ப்புச் சக்தியின் அணுக்களான லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் நிறையவே இருக்கும். அதே அளவு அணுக்களைச் சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ பார்த்தால் அழற்சி என்று எழுதிவிடுவோம். குடலில் அதுதான் இயல்பு. காரணம் எளிது. பெருங்குடலில் உள்ள ஒரு கிராம் பொருளில் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் நம் இரத்த ஓட்டத்துக்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு அடுக்கு செல். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு உயரம்தான் இருக்கும் அந்த அடுக்கும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அதன்மேல் சளிப்படலம் இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கும். செல்களை ஒட்டிய உள் அடுக்கு இறுக்கமானது, ஆரோக்கியமான குடலில் அதற்குள் பாக்டீரியா ஏறக்குறைய நுழைவதே இல்லை. கீழே இருக்கும் பிளாஸ்மா செல்கள் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருளை நாள்தோறும் கிராம் கணக்கில் சுரந்து வெளியே அனுப்புகின்றன. உடம்பில் மிக அதிகமாக உற்பத்தியாகும் எதிர்ப்புப் பொருள் அதுவே. இத்தனைக்கும் நமக்கு வலியோ காய்ச்சலோ வருவதில்லை. அங்கே இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் அணுக்கள் தப்பி வந்த பாக்டீரியாவை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகின்றன, மற்ற அணுக்களைக் கூட்டுவதில்லை. லிம்போசைட்டுகளில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவையும் மேக்ரோஃபேஜ்களும் ஐ.எல்.10 போன்ற பொருள்களைச் சுரந்து சுற்றியுள்ள எல்லாவற்றையும் அடங்கியிருக்கச் செய்கின்றன. ஆகவே குடலில் எதிர்ப்புச் சக்தியின் பெரும்பகுதி வேலை, சண்டை போடாமல் இருப்பதுதான்.

உங்கள் தம்பியின் நோயில் தவறுவது இந்த அடக்கம். சளிப்படலத்தின் உள் அடுக்கு மெலிந்துபோகிறது. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் நெகிழ்கின்றன. பாக்டீரியாவோ அதன் துணுக்குகளோ உள்ளே வரும்போது இரத்தத்திலிருந்து புதிதாக வந்து சேரும் மேக்ரோஃபேஜ்கள், பழையவை போல விழுங்கிவிட்டு ஓய்வதில்லை. டி.என்.எஃப்., ஐ.எல்.1, ஐ.எல்.6, ஐ.எல்.23 என்று அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொட்டுகின்றன. அந்த அழைப்புக்கு டி செல்களும், அவற்றின் பின்னால் நியூட்ரோஃபில்களும் வருகின்றன. நியூட்ரோஃபில் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகள் குடல் செல்லையும் சேர்த்தே கரைக்கின்றன. செல் கரைந்தால் சுவரில் ஓட்டை, ஓட்டை விழுந்தால் மேலும் பாக்டீரியா, அதனால் மேலும் அழைப்பு. மேட்டூர் அணையில் மதகைத் திறப்பது குற்றமில்லை, வெள்ளம் வடிந்த பிறகும் மூட முடியாமல் மதகு மாட்டிக்கொண்டால்தான் வயல் போகும். இங்கே மாட்டிக்கொண்டிருப்பது அந்த மதகு.

இதையெல்லாம் ஸ்லைடில் பார்க்க முடியும் என்று சொல்வது மிகை. ஐ.எல்.23 என் சாயத்தில் தெரியாது. தெரிவது அவற்றின் விளைவு: வரிசையாக நேராக நிற்க வேண்டிய கிரிப்டுகள் வளைந்து, கிளைத்து, குட்டையாகிப்போயிருக்கும், அவற்றின் அடிப்பகுதியில் பிளாஸ்மா செல்கள் அடர்ந்து கிடக்கும். இந்த உருமாற்றம் நேற்று வந்த சீதபேதியில் வராது, வாரக்கணக்கில் அழற்சி நீடித்தால்தான் வரும். வெறும் நியூட்ரோஃபில் மட்டும் நிறைந்து கிரிப்டுகள் ஒழுங்காக இருந்தால் தொற்று என்றுதான் முதலில் நினைப்போம். இரத்தச் சிவப்பணுவை விழுங்கிய அமீபா இருக்கிறதா என்றும் தேடுவோம். இந்தப் பயாப்சியை இன்னும் முன்பே செய்திருந்தால் உங்கள் தம்பி அந்த மாத்திரைகளில் பலவற்றை விழுங்காமல் இருந்திருக்கலாம். எங்கள் பகுதியில் இரத்தம் கலந்த பேதி என்றாலே அமீபா என்று முடிவுகட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது என் மனக்குறை. மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் இதே காரணத்தால்தான். அழற்சியால் மலக்குடல் விரிந்துகொடுக்கும் தன்மையை இழந்துவிடுகிறது, சிறிதளவு வந்தாலும் தாங்கமாட்டாது. அவருக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி இதில் எது உறுதி, எது சந்தேகம். அடக்கும் பொருள் இல்லாவிட்டால் குடல் அழற்சி வரும் என்பது உறுதி. ஐ.எல்.10 மரபணுவை நீக்கிய எலிகளுக்குக் குடல் அழற்சி வந்ததை 1993இல் கண்டார்கள். 2009இல் அந்த ஐ.எல்.10ஐ ஏற்கும் மரபணுவில் பழுதுள்ள கைக்குழந்தைகளுக்கு மிகக் கடுமையான குடல் அழற்சி வருவது தெரியவந்தது. அவர்களில் ஒரு குழந்தைக்குச் செய்த எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் நோய் அடங்கியது. பாக்டீரியா இல்லாமல் இந்தச் சண்டை நடக்காது என்பதும் ஏறக்குறைய உறுதி. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் அதே ஐ.எல்.10 இல்லாத எலிகளுக்கு நோய் வருவதில்லை. குடல் அழற்சியின் மற்றொரு வகையான குரோன் நோய் உள்ளவர்களிடம் மலம் போகும் வழியை அறுவை மூலம் திருப்பிவிட்டால் கீழ்ப்பகுதிக் குடல் தணிவதும், மீண்டும் இணைத்தால் நோய் திரும்புவதும் பார்க்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலும் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. 2001இல் குரோன் நோயோடு தொடர்புடையதாக முதலில் கண்டுபிடித்த நாட்2 என்ற மரபணு, பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை உணரும் வேலையைச் செய்வது. அதில் பழுது என்றால் உணரும் திறன் குறைவு என்று பொருள். சளிப்படலம் மெலிவதும் ஒரு வகைக் குறைபாடே. அதாவது வாசலில் உள்ள பாதுகாப்பு பலவீனமாகி, உள்ளே உள்ளவை அதற்கு ஈடுகட்டுவதுபோல அளவுமீறிப் போகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. ஆனால் அந்த நாட்2 மாற்றங்கள் ஐரோப்பியர்களிடம் காணப்படுபவை, நம் மக்களிடம் மிக அரிது. உங்கள் தம்பிக்கு இருப்பதோ குரோன் அல்ல. எனவே அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு ‘சக்தியை ஏற்றினால் சரியாகிவிடும்’ என்று போக முடியாது. ஏற்றப்படுவது வாசல் பாதுகாப்பா, உள்ளே நடக்கும் கலவரமா என்று எந்தக் கஷாயப் பொட்டலத்திலும் எழுதியிருப்பதில்லை.

யாருக்கு, ஏன், எந்த நாளில் இது தொடங்குகிறது என்பது இன்னும் தீராத கேள்வி. இதோடு தொடர்புடைய மரபணு இடங்கள் 200க்கும் மேல் தெரிந்துவிட்டன, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் குடியேறிய இந்திய வம்சாவளியினரிடம் அல்சரேடிவ் கோலைடிஸ் கூடுதலாக இருப்பது 1990களிலேயே பதிவானது. ஆகவே இடமும் வாழ்க்கைமுறையும் ஏதோ செய்கின்றன. உணவா, குழந்தைப் பருவத்து ஆண்டிபயாடிக்கா, இரண்டுமா என்பதில் கருத்துகள் நிறைய, சான்று குறைவு. தெருவோரத்துத் தட்டுவடை செட் சாப்பிட்டதால் வந்தது என்று அவரைக் குற்றம் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

மருந்துகளின் வரலாறே இந்தக் குடல் சண்டையைப் பற்றி நிறையக் கற்றுத் தந்திருக்கிறது. 1955இல் இங்கிலாந்தில் டிரூலவ், விட்ஸ் என்ற இருவர் கார்ட்டிசோனைச் சோதித்து, அது கடுமையான கோலைடிஸை அடக்குகிறது என்று காட்டினார்கள். அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்கினால் குடல் ஆறுகிறது என்பதற்கு முதல் பெரிய சான்று அது. டி.என்.எஃபைக் கட்டும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் குரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அதே டி.என்.எஃபைக் கட்டும் எட்டனர்செப்ட் மூட்டு வாதத்துக்கு நன்றாக வேலை செய்கிறது, குடலுக்குச் செய்வதில்லை. ஐ.எல்.17 என்ற பொருளைத் தடுத்தால் நோய் குறையும் என்று எதிர்பார்த்துக் குரோன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பலன் இல்லாததோடு சிலருக்கு நோய் கூடியது. 2012இல் வெளியான முடிவு இது. அந்தப் பொருள் குடல் சுவரைப் பழுதுபார்க்கவும் உதவுகிறது என்பது அதன்பின் தெளிவானது. அடக்கும் பொருள்தானே ஐ.எல்.10, அதையே ஊசியில் போடுவோம் என்று முயன்றார்கள், அதுவும் பலிக்கவில்லை. எனவே ‘எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து’ என்று மருந்துக் கடையில் சொன்னது பாதி விளக்கம்தான். எதைக் குறைக்கிறோம், எங்கே குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2014இல் வந்த வெடோலிசுமாப் வெள்ளை அணுக்கள் குடலுக்குள் நுழையும் வாசலை மட்டும் அடைக்கிறது, நுரையீரலையும் மூளையையும் பெரும்பாலும் தொடுவதில்லை. உங்கள் தம்பிக்குக் கொடுத்திருக்கும் அசத்தயோப்ரின் அவ்வளவு குறிபார்த்து அடிப்பதல்ல. வேகமாகப் பெருகும் லிம்போசைட்டுகளின் பெருக்கத்தைத் தடுக்கும், தூண்டப்பட்ட டி செல்கள் தாமாகவே மடியும்படி செய்யும். பழைய மருந்து, விலை குறைவு, ஸ்டீராய்டிலிருந்து விடுபட உதவுவது. வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால்தான் அதுவரை ஸ்டீராய்டும் சேர்ந்து போகிறது.

நிலவேம்பைப் பற்றி உங்களுக்கு ஆச்சரியமான ஒரு செய்தி. அதன் சாற்றை அல்சரேடிவ் கோலைடிஸ் நோயாளிகளிடம் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1800 மில்லிகிராம் சாறு சேர்த்துக்கொண்டவர்களில் அதிகம் பேருக்கு அறிகுறி குறைந்தது. அடுத்த கட்டப் பெரிய ஆய்வு பலன் தெரியாததால் பாதியில் நின்றது. அதைச் சோதித்ததற்குக் காரணமே அது டி.என்.எஃப். போன்றவற்றின் உற்பத்தியைக் குறைப்பதாக ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததுதான். எதிர்ப்புச் சக்தியை ஏற்ற நீங்கள் காய்ச்சும் கஷாயத்தை அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் எடுத்துப் பார்த்தார்கள்! மஞ்சளின் கதையும் ஏறக்குறைய அப்படி. மஞ்சளில் உள்ள குர்குமினை நாளுக்கு 3 கிராம், மெசலமின் என்ற குடல் அழற்சி மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் பலன் இருந்தது, குறைந்த அளவில் கொடுத்த டெல்லி ஆய்வில் இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்றால் அந்த 3 கிராமுக்கு 100 கிராம் மஞ்சள் வேண்டும். நம் சேலத்து மஞ்சளாகவே இருந்தாலும் குழம்பில் அது நடக்காது. சீந்தில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், நிறுத்துங்கள். கொரோனா காலத்தில் அதைக் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, விவாதம் முடியவில்லை. ஆனால் அசத்தயோப்ரினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து நாளை கல்லீரல் அளவுகள் ஏறினால் எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது, நல்ல மாத்திரையை வீணாக நிறுத்த வேண்டிவரும். ஜவ்வரிசிக் கஞ்சி தாராளமாகக் கொடுங்கள், வயிற்றைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர ஒன்றுமில்லை. குடல் வழியாகப் புரதமும் இரத்தமும் கசிந்துகொண்டிருப்பவருக்கு முட்டையும் தயிரும் கூடவே வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி குறைவதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டிய ஓர் இடம் உண்டு, அது காசநோய். நம் ஊரில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கூடி நின்று ஒரு முடிச்சாக அடைத்து வைத்திருக்கின்றன. அந்த முடிச்சு கலையாமல் இருக்க டி.என்.எஃப். தேவை. குடலுக்கு நல்லது என்று அதைக் கட்டிப்போட்டால் நுரையீரலில் அடைபட்டிருந்த கிருமி வெளியே வரும். எனவே இன்ஃப்ளிக்ஸிமாப் வகை ஊசிக்குப் போகும் நிலை வந்தால், அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், மான்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது காசநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள், மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், ஸ்டீராய்டுக்கும் அது பொருந்தும். என் மேசையில் என்னை மிகவும் தயங்க வைப்பதும் இதுதான். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் குரோன் நோயும் குடல் காசநோயும் பயாப்சியில் ஒன்றுபோலவே இருக்கும். பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் சிதைந்த முடிச்சுகள் இருந்தால் காசநோய். சிறிதாக, தனித்தனியாக இருந்தால் குரோனாக இருக்கலாம். பல துண்டுகளில் முடிச்சே இருக்காது. அப்போது ‘இரண்டில் எதுவும் இருக்கலாம்’ என்றுதான் எழுத முடியும். அந்த வரியைப் படித்து எரிச்சலடைகிறவர்கள் உண்டு. ஆனால் காசநோயைக் குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தம்பிக்கு மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலே போகும் அழற்சி என்று கொலோனோஸ்கோப்பியில் எழுதியிருப்பதால் இந்தக் குழப்பம் குறைவு.

அசத்தயோப்ரினைப் பொறுத்தவரை வீட்டில் கவனிக்க வேண்டியது இதுதான். தொடங்கிய முதல் வாரங்களில் இரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்க வேண்டும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. நட்15 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் ஆசியர்களிடம், இந்தியர்கள் உட்பட, கணிசமாக இருக்கிறது. அது உள்ளவர்களுக்கு வழக்கமான அளவிலேயே வெள்ளை அணுக்கள் ஆபத்தாகக் குறையும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது தலைமுடிப் பிரச்சினை இல்லை, அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்தாலும் அப்படியே. மூட்டு வலிக்கு யூரிக் அமில மாத்திரை யாராவது எழுதித் தந்தால் அசத்தயோப்ரின் சாப்பிடுவதைச் சொல்லாமல் விழுங்கக் கூடாது, அலோபியூரினால் சேர்ந்தால் இதன் நச்சுத்தன்மை பலமடங்கு கூடும்.

அவருக்கு இரத்தம் நின்று, வேலைக்குப் போகத் தொடங்கியதும் மாத்திரை தேவையா என்ற பேச்சு வீட்டில் கட்டாயம் வரும். அறிகுறி முழுவதும் நின்றவர்களிடமும் துண்டை எடுத்துப் பார்த்தால் கிரிப்டுகளில் நியூட்ரோஃபில்கள் இன்னும் இருப்பது சாதாரணம். அப்படி இருப்பவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை இதை ஓரளவு காட்டிக்கொடுக்கும், அது நியூட்ரோஃபிலிலிருந்து வெளியாகும் புரதம்தான். கைவிடுவதா, தொடர்வதா என்பதை அந்த எண்ணையும் அடுத்த கொலோனோஸ்கோப்பியையும் வைத்து மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுத்த முறை வேறு ஆய்வகத்துக்குத் துண்டு போவதாக இருந்தால், முன்பு பார்த்த இடத்தில் ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் புதியதோடு சேர்த்துக் கொடுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு மாத்திரை வேலை செய்ததா என்று சொல்வது எளிது.